மட்காத துணி

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போவேன். மண்ணைக் கரைத்து, வடிகட்டி, சத்து எவ்வளவு என்று அட்டையில் எழுதிக் கொடுப்பது என் வேலை. விவசாயிகள் அந்த அட்டையை ஜாதகம் மாதிரி வாங்கிப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஊருக்குத் தெற்கே ஒரு விவசாயிக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. வாய்க்காலில் அதற்கு மேல்பக்கம் நிக்கல், குரோமியம் முலாம் பூசும் பட்டறை ஒன்று வந்தது. அதன் கழிவுநீர் தண்ணீரில் கலந்து வயலில் பாய்ந்தது. முதலில் நாற்று மஞ்சளானது, பிறகு நட்டதெல்லாம் கருகியது. பட்டறையை மூடவைக்கவே மனிதர் நாலு வருஷம் அலைந்தார். மூடியதும் மண்ணில் இறங்கிய உலோகம் தானாக எழுந்து போய்விடுமா என்ன?

நான்தான் வழி சொன்னேன். சுண்ணாம்பு போட்டால் உலோகம் வேருக்கு ஏறாமல் கட்டுப்படும், ஏரி வண்டலும் மட்கிய சாணமும் கொட்டினால் செத்த நுண்ணுயிர்கள் மெல்லத் திரும்பும் என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வருஷம் கூடை கூடையாகச் சுமந்தார்கள். அந்த அம்மாளுக்குச் சும்மாடு வைக்கும் இடத்தில் முடியே கொட்டிவிட்டது.

அதற்குள் செங்கல் சூளைக்காரர் ஒருவர் நிலத்தைக் கேட்டு வந்துவிட்டார். விவசாயி என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்தார்.

"எங்களுக்கும் வயசாயிடுச்சு சார். மண்ணுக்கு உசுரு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இன்னும் பத்து வருஷம் வேணாலும் சுமக்கறோம். இல்லன்னா குடுத்துடறோம்."

நுண்ணுயிரை எண்ண எங்களிடம் வசதி கிடையாது. ஆனால் ஒரு சுலபமான வழி இருந்தது. பருத்தித் துணியை மண்ணில் புதைத்து வைத்தால், உயிருள்ள மண் அதைத் தின்றுவிடும். செத்த மண்ணில் துணி முழுசாகக் கிடக்கும். என் பழைய வேட்டியைக் கிழித்து நாலு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, குச்சி நட்டு வைக்கச் சொல்லிவிட்டு மதிய பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். கூட நின்று புதைத்திருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதே வேட்டியில் இன்னொரு துண்டை எங்கள் வீட்டுக் கொல்லையில் வாழையடியில் புதைத்தேன்.

நாற்பது நாள் கழித்துக் கொல்லையில் தோண்டினால் நாலு நூல்தான் மிஞ்சியிருந்தது. அவர்கள் வயலில் நாலு துண்டும் முழுசாக வந்தன. கொஞ்சம் மெலிந்து கொசுவலை மாதிரி இருந்தன. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன், கிழியவில்லை. கிழியாவிட்டால் செத்த மண் என்றுதான் நான் படித்திருந்தேன்.

"உசுரு இல்லீங்களா சார்?"

"இல்லீங்க. தெரிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்துட்டோம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாள் குனிந்து குச்சிகளைப் பிடுங்கினாள். அடுத்த மாதமே நிலம் கைமாறி, சூளைக்காரர் ஓர் ஆள் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்.

மறுவருஷம் பாலக்கரையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளாம். புருஷன் ஏதோ கிடங்கில் வாட்ச்மேன். நான் ஆறுதலாகப் பேச வாயெடுத்தேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க சாமி. பூமாதேவிக்கே எங்க மேல கோவம். நீங்க குடுத்தது கட்டின துணி. கட்டினத சாமிக்கு வெப்பாங்களா? அதான் நாங்க கோடித்துணியா கிழிச்சு வெச்சோம். அதக்கூட அவ ஏத்துக்கல."

"என்ன துணிம்மா அது?"

"மக தீவாளிக்கு அவருக்குச் சட்டைக்கு எடுத்துக் குடுத்தது. வெள்ள டெரிகாட்டன். தைக்கக்கூட இல்ல."

டெரிகாட்டன் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது. பாலியெஸ்டரை எந்த மண்ணும் தின்னாது. பருத்தியை மட்டும் அந்த மண் தின்று முடித்திருந்தது. துணி மெலிந்தது அதனால்தான். மண்ணுக்கு உயிர் வந்திருந்தது. அவர்கள் சுமந்தது வீண் போகவில்லை. சொந்த வேட்டியை அடையாளம் தெரியாத நான்தான் அதைச் செத்ததென்று சொல்லித் தோண்டவிட்டேன். கட்டிய துணியைப் பெருமாளுக்குச் சாத்தக் கூடாது என்பது ஸ்ரீரங்கத்தில் பிறந்த எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

"அவரு தெனமும் கேக்கறாரு சாமி, நாம என்ன பாவம் பண்ணுனோம்னு. நீங்க படிச்சவங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

சொன்னால் தன் கையாலேயே கெட்டது என்று அழுவாள், சொல்லாமலிருப்பதே நல்லது என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் அது பயம்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று நடந்தாள்.