பச்சோந்திக்குக் கட்டிய வீடு

போன வாரம் கராஜை ஒழிக்கும்போது ஒரு கம்பிவலைக் கூண்டு முழங்காலில் இடித்தது. இரண்டடி அகலம், நாலடி உயரம், கோணல்மாணலாக அடித்த ஸ்டேப்பிள் பின்கள். இந்த நாட்டில் என் கையால் நான் கட்டிய ஒரே வீடு அதுதான். குடியிருந்தவர் ஒரு பச்சோந்தி.

தொண்ணூற்றாறாக இருக்கவேண்டும். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அபார்ட்மென்ட். மகள் நித்யாவுக்கு ஆறு வயது; வளர்க்க ஏதாவது வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நாய், பூனை கூடாது என்று லீஸில் போட்டிருந்தது. ஆபீஸில் ஒரு பெண்மணி டெக்சஸுக்கு மாற்றலாகிப் போகிறாள், தன் பச்சோந்தியை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். மீட்டிங்கில் எந்த வேலைக்கும் வாய் திறக்காத நான் அன்றைக்குப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

என் மனைவி மாலதி பெட்டியை எட்டிப் பார்த்தாள். "வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்களாக்கும்" என்றாள். அந்தப் பழமொழியை இவ்வளவு பொருத்தமாகச் சொல்லும் வாய்ப்பு ஈரோட்டில் அவளுக்குக் கிடைத்திருக்காது. நித்யா அதற்கு பிக்கிள் என்று பெயர் வைத்தாள்.

மீன் தொட்டி ஒன்றில் விட்டு, எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். நாலு நாள் தொடவில்லை. வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, கூச்சப்படாமல் குடி என்று உபசாரம் வேறு செய்து பார்த்தேன். கண்கள்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பயந்துபோய் லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்தேன். நான் செய்திருந்த அத்தனையும் தப்பு. பச்சோந்திக்குக் கிண்ணத்துத் தண்ணீர் கண்ணில் படாதாம். இலையில் சொட்டும் துளியைத்தான் நக்குமாம். கண்ணாடியில் தன்னையே பார்த்து எதிரி என்று மிரளுமாம். காற்றோடும் வலைக்கூண்டு வேண்டும், வெயிலுக்குப் பதில் ஒரு தனி விளக்கு வேண்டும், ஏறி ஒளிந்துகொள்ளச் செடி வேண்டும்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே செடி, மாலதி குளிரில் சாகாமல் பிள்ளைபோல் காப்பாற்றி வந்த கறிவேப்பிலை. கம்பிவலையில் ஒரு கூண்டு அடித்து, அதைப் பூந்தொட்டியோடு தூக்கி உள்ளே வைத்தேன்.

"இனி ரசத்துக்கு நாலு இலை கிள்ளோணும்னா இதுகிட்ட பர்மிஷன் கேக்கோணுமுங்களா?" என்றாள். முட்டைகூட உள்ளே வராத வீட்டில் அதற்காக உயிருள்ள சில்வண்டுகளை டப்பாவில் வைத்து, கேரட் போட்டு வளர்த்தோம். தப்பித்த ஒன்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு வாரம் கத்தியது. மாலதி என்னோடு பேசாமல் இருந்ததும் அதே ஒரு வாரம்தான்.

அப்போது எங்களுக்கு இருந்த பெரிய கவலை வேறு. நாங்கள் தமிழில் கேட்டால் நித்யா ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். கெஞ்சினோம், லஞ்சமாக ஐஸ்க்ரீம்கூடக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு சாயங்காலம் அவள் அறையைத் தாண்டும்போது குரல் கேட்டது. "பயப்படாத சாமி. நான் இருக்கறேனல்ல. ஒரு வாய் சாப்புடு." கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனையும் மாலதியின் வார்த்தைகள். நான் போய் மாலதியைக் கூட்டி வந்தேன். இரண்டு பேரும் கதவுக்கு வெளியே சத்தம் காட்டாமல் நின்றோம். மாலதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் ஆட்களுக்கு, பிள்ளைக்கு ஒன்று வந்துவிட்டால் அதை நாலு பேருக்கு முன்னால் செய்துகாட்டச் சொல்லாவிட்டால் சோறு இறங்காதே. அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் விருந்து. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பிக்கிளைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பச்சை மெல்ல மெல்லக் கறுத்தது. "பாருங்க, கலர் மாறுது" என்றேன், ஏதோ நானே மாற்றுவதுபோல. கறுத்தால் பயம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தையும் நான் படித்துத்தான் இருந்தேன்.

"நித்யா, இதுகிட்ட தமிழ்ல பேசிக் காட்டு சாமி. அங்கிள் ஆண்ட்டி எல்லாம் கேக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, ஹி இஸ் ஸ்கேர்ட்."

"அதுக்கு ஒண்ணுமில்ல. நீ பேசு. ஒரே ஒரு தடவ."

எல்லோரும் சிரித்த முகமாகக் காத்திருந்தார்கள். நித்யா என் கையிலிருந்து பிக்கிளை வாங்கிக்கொண்டாள். "இட்ஸ் ஓகே, பிக்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிக்கிளுக்கு வேண்டியதைச் செய்தேன். கூண்டின் மூன்று பக்கமும் துணி கட்டினேன், இலையில் தண்ணீர் சொட்டவிட்டேன், கிட்டே போகவே இல்லை. மூன்றாம் நாள் பச்சைக்குத் திரும்பி ஒரு சில்வண்டைப் பிடித்துத் தின்றது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தது. நித்யாவும் தினமும் அதனுடன் பேசினாள், ஆங்கிலத்தில். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன், மானங்கெட்டவன்.

அது செத்த அன்று அபார்ட்மென்டுக்குப் பின்னால் ஒரு மேப்பிள் மரத்தடியில் குழி வெட்டினேன். நித்யா அதை ஷூ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். கடைசியாக ஒரு வார்த்தையாவது தமிழில் சொல்வாள் என்று எனக்கு ஆசை. அதனால் வெட்டிய கையோடு விலகி, கார்கள் நிற்கும் இடம்வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மண்ணைத் தள்ளி மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "பை, பிக்கிள்" என்றாள்.