சிப்பிக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோன சாப்பாடு

ஆறு கடலில் சேரும் இடத்தில், சிப்பிகளைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் நிலையமொன்றில் எனக்கு வேலை. குஞ்சுகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவை தின்னும் பாசியும் தெரியாது. போத்தலில் கோடிக்கணக்கில் பெருகினால்தான் தண்ணீரின் நிறம் மாறும். நாங்கள் வளர்ப்பது இரண்டு வகை. பச்சை நிறத்தில் ஒன்று, பால் கலக்காத பிளேன்டீயின் நிறத்தில் ஒன்று. பச்சை எந்தச் சூட்டையும் தாங்கும். ஆனால் அதை மட்டும் தின்ற குஞ்சு வளராமல் அப்படியே நிற்கும். வளரத் தேவையான கொழுப்பு மற்றதில்தான் இருக்கிறது என்று நிலையத்தின் பொறுப்பாளரான எங்கள் மிஸ் சொல்வார்.

ஒரு சித்திரை மாதம் பாசி அறையின் ஏசி பழுதானது. திருத்த ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சூட்டில் பிளேன்டீ நிறப் போத்தல்கள் ஒவ்வொன்றாக வெளுத்து, மூன்றுதான் மிஞ்சின. தொட்டியில் இருந்த குஞ்சுகள் பச்சையைத் தின்று ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் முடியாது.

கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான். அன்றைக்கு மெதுவாகச் சிங்களத்தில் சொன்னேன்: றக்வானை மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு குளிராக இருக்கும், அங்கே கொண்டுபோய் வைத்திருக்கட்டுமா என்று. மிஸ் சரி என்றார். பிறகு மூன்று போத்தல்களையும் சில வெறும் கண்ணாடிப் போத்தல்களையும் உரம் கலந்த உப்புத் தண்ணீர்க் கேனையும் தந்தார். மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, அதை ஊற்றி ஒவ்வொரு போத்தலையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

வீட்டின் முன்பக்க இஸ்தோப்பு ஜன்னலோரம் வைத்தேன். அடியில் படியாமல் இருக்க அடிக்கடி குலுக்க வேண்டும். நான் மறந்தாலும் என் மனைவி மறக்கவில்லை. கொழுந்தெடுக்கப் போகும் முன் ஒரு தடவை, வந்து கூடையை இறக்கியதும் ஒரு தடவை குலுக்குவாள்.

பக்கத்துக் காம்பரா வீட்டுத் தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, கடல்ல இருந்தா பிளேன்டீ கொண்டாந்தீங்க? இங்க இல்லாத தேயிலையா?"

"குஞ்சுகளுக்கு உள்ள சாப்பாடு அது. கண்ணு வைக்காத, போ" என்றாள் என் மனைவி.

மூன்றாம் நாள் தண்ணீர் காய்ச்சப் பாத்திரம் தேடினேன். அலுமினியச் சட்டியில் கறி வாசம். மனைவி பெட்டியிலிருந்து பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பித்தளைப் பானையை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தாள். "பச்சப் புள்ளைங்க சாப்பாடு. இதுல காச்சுங்க" என்றாள். எனக்கும் அதுதான் மரியாதையாகப் பட்டது. காய்ச்சிய தண்ணீர் இரண்டு போத்தல்களைப் பிரிக்கத்தான் போதுமாக இருந்தது.

விடிந்து பார்த்தால், பிரித்தவை எல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

"ஏங்க, தூங்குதுங்களா?"

"செத்துப் போச்சு."

நிலையத்தில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தவிர வேறெதையும் தொடவிட மாட்டார்கள். ஏனென்று நான் கேட்டதில்லை. பித்தளையில் இருக்கும் செம்பு உப்புத் தண்ணீரில் இறங்கிப் பாசியைக் கொன்றிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அவள் பானையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். 

மிஞ்சியது ஒரு போத்தல். அவள்தான் வழி சொன்னாள். "நம்ம மகளுக்குப் பால் போத்தல் அவிச்சோமே, அப்படி அவிச்சா என்ன?" மீதித் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி, சோற்றுப் பானைத் தண்ணீரில் நிறுத்தி அவித்தோம். ஆறியதும் பிரித்தோம். ஒன்று மூன்றானது. இரண்டு நாளில் மூன்றுமே நல்ல நிறம் பிடித்தன.

கிளம்பும்போது, மிஸ்ஸிடம் தப்பு என்னுடையது என்று மட்டும் சொல்லப்போவதாகச் சொன்னேன்.

"பானையயும் சொல்லுங்க. வேற யாரும் அப்படிச் செஞ்சிடக் கூடாதில்ல" என்றாள்.

வளைந்து இறங்கும் பஸ்ஸில் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொன்னேன். மிஸ் கோபிக்கவில்லை. உலோகம் ஏன் கூடாது என்று இத்தனை வருஷத்தில் உங்களுக்குச் சொல்லாதது என் பிழை என்றார். சரிசெய்த அறையில் ஒரு போத்தலை வளர்ப்புக்கு நிறுத்தி, மற்றவற்றைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தோம். பின்னேரம் நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடி போன்ற குஞ்சுகள் சுற்றிச் சுற்றி நீந்தின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பழுப்புப் பொட்டு.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டுச்சுங்களா?"

"வயிறு நெறஞ்சிருக்கு."

"நீங்க?"

"இனித்தான்" என்றேன்.