நான் அறுத்த கிளட்ச் பிளேட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கால்தான் நீளும். பூட்டிய கதவு, காலி டின், எதுவானாலும் உதைதான். அந்தக் காலால்தான் என் மச்சானின் கையைக் கெடுத்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டை ஓட்டுகிறவர். வலது கை இன்ஜினுக்கு, இடது கை பிரேக்குக்கு. அந்த இடது கையை நம்பித்தான் ஒவ்வொரு ஷிஃப்ட்டும் நாங்கள் கீழே போனோம். நான் அங்கே ஃபிட்டர்.

அறுபதுகளின் கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினோம். கிளட்ச் பிளேட்டு தேய்ந்து, மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கம்பெனி பிளேட்டு எங்கும் கிடைக்கவில்லை. கேஜை இழுக்கிற வைண்டர் இன்ஜினின் பிரேக்கிலிருந்து கழித்துப் போட்ட லைனிங்கை அறுத்து நானே செய்தேன். கேஜையே பிடித்து நிறுத்துகிற சரக்கு, இந்த ஓட்டை வண்டியைப் பிடிக்காதா என்று எனக்கு ஒரே பெருமை.

பிடித்தது. ஆனால் விடவில்லை. லீவரை முழுக்க இழுத்தாலும், கியர் போட்டதும் வண்டி பாய்ந்து சுவரில் முட்டியது. கேபிளை இறுக்கினேன், ராடு ஸ்க்ரூவைத் திருகினேன். மறுபடியும் சுவர். ஹெட்லைட் நொறுங்கியது.

"பிளேட்டு தடியா கீது மாப்ள. தேச்சி எடு," என்றார் மச்சான்.

"நான் அறுத்தது சரியாத்தான் கீது. ஸ்பிரிங்க பாருங்க."

"இன்னாத்த பாக்கறது? வேலையயும் கெடுத்துட்டு வீம்பு வேற."

ஸ்பேனரை வீசினேன். அவர் காதை உரசிக்கொண்டு போனது. எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து ஓங்கி அறைந்தார். வாயெல்லாம் ரத்தம். பிறகு ஒன்றும் நடக்காதவர் மாதிரி வண்டிக்கு இடப்பக்கம் குந்தி, கிளட்ச்சை மூடியிருந்த செயின் கவரைக் கழற்றினார்.

லீவரை இழுத்துக்கொண்டு கிக்கரை மிதித்தால் பிளேட்டுகள் பிரிகின்றனவா என்று தெரியும். அவர் பெட்ரோல் டாங்கில் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் நான் மிதிக்க வேண்டும். சுரங்கத்தில் மணி அடிக்காமல் கேஜ் நகராது. வீட்டிலும் மச்சானுக்கு அதே சட்டம். தட்டு கேட்கும்வரை எதுவும் அசையாது என்று நம்பி, அவர் இடது கை விரல்களை உள்ளே விட்டு பிளேட்டைத் தடவிப் பார்த்தார். வலப்பக்கம் நின்ற எனக்கு அந்தக் கை தெரியவில்லை. அறை வாங்கிய கன்னம் எரிந்தது. லீவரை இழுத்து, தட்டுவதற்கு முன்பே ஓங்கி மிதித்தேன்.

கிளட்ச் விட்டிருந்தால் செயின் சும்மா கிடந்திருக்கும். என் பிளேட்டு விடவில்லை. செயின் சுற்றி, அவருடைய இரண்டு விரல்களைப் பல்சக்கரத்தில் வைத்து நசுக்கியது.

"நான் தட்டலியே மாப்ள," என்றார், நம்ப முடியாதவராக. செயினைப் பின்னுக்குச் சுற்றி விரல்களை எடுத்தபோதுதான் அலறினார்.

என் மனைவி விறகுக்கட்டையோடு ஓடி வந்தாள். "எங்க அண்ணன் கைய இன்னாடா பண்ண?" அதுவரை என்னை நீ என்றுகூடச் சொல்லாதவள். முதுகில் அடித்தாள். கட்டை முறியும்வரை நின்றேன். அந்த அடி எனக்குப் போதவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். டாக்டரிடம் தன் தப்புதான் என்று சொல்லிவிட்டார் மச்சான். பிரேக் பிடிக்க அந்தக் கை உதவாது என்று வைண்டரிலிருந்து அவரை எடுத்து, லேம்ப் ரூமில் போட்டார்கள்.

அங்கே ஜன்னல் வழியாக எல்லோருக்கும் வலது கையால் விளக்கு கொடுப்பார். என் முறை வந்தால் மட்டும் இடது கையால் நீட்டுவார். விளக்கு இல்லாமல் யாரும் கீழே இறங்க முடியாது. அவர் ரிட்டயர் ஆகும்வரை, ஒவ்வொரு ஷிஃப்ட்டும், அந்த மூன்று விரல்களிலிருந்து வாங்கிக்கொண்டு போனேன்.