ஓட்டப்போட்டிப் பிஸ்டலைத் திருத்த அனுப்பிய கதை

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் ஒரு பிஸ்டல் இருந்தது என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிவதாக அறிந்தேன். பொய் இல்லை. ஆனால் பாதிக் கதையைச் சொன்னால் வீட்டுக்குப் பொலிஸ் வரும். ஆகவே முழுவதையும் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருக்கலாம், நடந்ததில் பிழை இல்லை.

அது ஆளைச் சுடும் பிஸ்டல் அல்ல, ஓட்டப்போட்டியைத் தொடங்கி வைக்கும் பிஸ்டல். குழல் அடைத்திருக்கும். சத்தத்துக்கான தோட்டா மட்டும் போடலாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் நாங்கள் குடிபெயர்ந்து வந்த ஸ்காபரோவில் ஒவ்வொரு கோடையிலும் விளையாட்டுப் போட்டி வைக்கிறது. சங்கத்துக்கு ஒரு தலைவர், மூன்று உபதலைவர்கள், இரண்டு செயலாளர்கள், பதினொரு போசகர்கள். ஓடுவதற்குத்தான் ஆள் குறைவு.

அதில் எனக்கும் ஒரு பதவி. பிஸ்டலால் சுட்டு ஓட்டத்தைத் தொடக்குகிறவன் நான். பிஸ்டலும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். கிழமை முழுவதும் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அங்கே சூப்பர்வைசர் விரலை அசைத்தால் நான் ஓட வேண்டும். வருடத்தில் ஒரு நாள் மட்டும் நான் கையை உயர்த்துவேன். டாக்டர்மார், கணக்காளர்மார், வீடு விற்கிற ஏஜென்ட்மார் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என் கையையே பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் மற்ற நாட்களில் ஸ்டிக்கர் ஒட்டினேன் என்று சொன்னாலும் தகும்.

சத்தம் கேட்டவுடன் ஓடுவது எங்கள் சனத்துக்குப் பழக்கமான விஷயம். ஊரில் யுத்த காலத்தில் நன்றாகப் பயிற்சி எடுத்திருக்கிறோம். அங்கே பதக்கம் தரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதை நடந்த வருடம், போட்டிக்கு ஆறு கிழமை இருக்கும்போது சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பிஸ்டலை எடுத்துப் பார்த்தேன். விசை அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கல்லுப் போல இருந்தது. கொம்பியூட்டர் வேலை செய்கிற உபதலைவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, அதை விடுங்கோ. போனிலை ஒரு அப் இருக்கு. ஸ்பீக்கரிலை போட்டா டமார் எண்டு கேக்கும்."

"அப்ப நான்?"

"நீங்கள் தண்ணிப் போத்தல் குடுக்கிற மேசையைப் பாருங்கோ. அதுக்கும் ஒரு பொறுப்பான ஆள் வேணும்தானே."

போட்டிக்கு முன் அதைத் திருத்தி எடுக்காவிட்டால் என் கை இனி உயராது. பிஸ்டலைச் செய்த கொம்பனி தூரத்தில், மானிடோபாவில் இருந்தது. மூத்தவளே, நீதான் அவர்களுக்கு ஈமெயில் எழுதினாய். அனுப்புங்கள், பார்த்துத் தருகிறோம் என்று பதில் வந்தது.

உங்கள் அம்மா பார்சலைக் கட்டினார். பட்டர் பிஸ்கட் வந்த நீலத் தகர ரின்னுக்குள் பழைய துவாய், துவாய்க்குள் பிஸ்டல். மேலே ஒரு முழு உருளை டேப். ஊருக்குப் பால்மா அனுப்பிப் பழகிய கை, காற்றுப் போகவும் இடம் விடாது.

நீ மட்டும் எச்சரித்தாய். "அப்பா, ஸ்போர்ட்ஸ் எக்விப்மெண்ட் எண்டு மட்டும் சொல்லுங்கோ. ப்ளீஸ்."

"பொய் சொல்லக் கூடாது" என்று உனக்கு அரை மணித்தியாலம் புத்தி சொன்னேன். அது பொய்யில்லை என்று நீ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மருந்துக் கடைக்குள் இருக்கிற தபால் கவுண்டருக்குப் போனேன். அங்கே நின்றது எங்கள் கட்டடத்தில் இருக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை.

"என்ன அண்ணை, ஊருக்கோ? உள்ளுக்கை என்ன?"

"பிஸ்டல்" என்றேன்.

அவள் கவுண்டருக்கு மேலால் குனிந்தாள். "மெல்லமாக் கதையுங்கோ அண்ணை!"

"பயப்பிடாதை பிள்ளை, உது சுடாது. சுடுறேல்லை எண்டபடியாத்தான் அனுப்புறன்."

"அப்ப திருத்தினாச் சுடுமோ?"

"ஓம், வடிவாச் சுடும். அதுதானே எனக்கு வேணும்."

இப்போது எழுதும்போதுதான் அந்தப் பேச்சில் இருந்த பிழை தெரிகிறது. எனக்குப் பின்னால் நின்ற பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'பிஸ்டல்' தெரிந்திருந்தது. அவர் ஷாம்பு அடுக்கின பக்கம் போய் மறைந்துகொண்டார். மனேஜர் வந்தார். திறந்து காட்டச் சொன்னார். டேப்பை வெட்டக் கால் மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் அவர் ஒரு அடி பின்னால் போனார். கடைசியில் நான் ரின்னைத் திறந்தபோது அவர் பற்பசைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்தபடியே, இதை எடுக்க மாட்டோம், மிசிசாகாவில் இப்படிப்பட்ட சாமான் அனுப்புகிற கூரியர் ஒன்று இருக்கிறது என்றார்.

அந்தக் கூரியரில் கொடுக்க மிசிசாகாவுக்குத் தலைவர் என்னைத் தன் காரில் கூட்டிப் போனார். போகும் வழி முழுவதும் கொம்பனிக்காரரைத் திட்டினார்.

"இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் இப்பிடித்தான். நான் ஒரு கண்டனக் கடிதம் எழுதப் போறன். எங்கடை சங்கம் ஆரெண்டு அவங்களுக்குக் காட்டவேணும்."

நானும் "ஓம் அண்ணை" என்றேன். பிழை கொம்பனியில் இருந்தால் எனக்கும் நல்லதுதானே.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது ரின் திரும்பி வந்தது. உள்ளே எண்ணெய் மினுங்கப் பிஸ்டல், மேலே ஒரு கடிதம். மூத்தவளே, நீ அதை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாய். பிஸ்டலில் தயாரிப்புக் குறை ஒன்றும் இல்லை. விசையின் உட்பக்கத்தில் மஞ்சள் நிறமான, வாசமுள்ள ஒரு களி இறுகிக் கிடந்தது. அதன் கீழே தண்ணீர் பட்ட துரு. இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு கிரீஸை நாங்கள் கண்டதில்லை, இது எந்த நாட்டுத் தயாரிப்பு என்று அறியத் தரவும். தயவுசெய்து அந்தக் கிரீஸை இனிப் பாவிக்க வேண்டாம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முந்தின வருடச் சரஸ்வதி பூசையன்று சங்கத்தின் கேடயங்கள், கிண்ணங்கள், மைக், எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பொட்டு வைத்தோம். பிஸ்டலுக்குச் சந்தனம் வைத்தது நான். என் பதவிக்குரிய ஆயுதம் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். தலைவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தங்கள் பக்கம் குறைந்துபோகக் கூடாது என்று தேவாலயத்திலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து அதன் மேலேயே தெளித்தார். சங்கத்தில் இரு சமயமும் ஒற்றுமையாக வேலை செய்தது அந்த ஒரு முறைதான். பிஸ்டல் தாங்கவில்லை.

"பொட்டு வையுங்கோ எண்டா, கலியாண வீட்டிலை மாப்பிள்ளைக்குப் பூசின மாதிரிப் பூசினா அது பாவம் என்ன செய்யும்?" என்றார் உங்கள் அம்மா.

நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "கமிட்டியிலை என்ன சொல்லப் போறீங்கள்? பொய் சொல்லக் கூடாது, ரைட்?"

பெற்ற பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதில் இருக்கும் ஆபத்து இது. அவர்கள் கேட்டு வைத்திருப்பார்கள்.

கூட்டம் யூனியன்வில்லில் தலைவர் வீட்டு நிலக்கீழ் அறையில் நடந்தது. முதல் விடயமே கொம்பனிக்குக் கண்டனத் தீர்மானம். உபதலைவர் தன் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். என் சட்டைப் பையில் கடிதம். எடுத்தால் பதவி போகும். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போய் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். எழும்பினேன்.

"கொம்பனியிலை பிழை இல்லை. சந்தனம் வைச்சது நான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

உபதலைவர் ஸ்பீக்கரைத் தட்டினார். "அப்ப இனிப் போன் அப் தானே?"

நான் கடிதத்தின் அடுத்த வரிக்கு வந்தேன். "சந்தனத்துக்குக் கீழை தண்ணி பட்ட துருவும் இருந்ததாம்."

எல்லோருடைய கண்ணும் மெல்ல மெல்லத் தலைவர் பக்கம் திரும்பியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிதம் இங்கிலீசிலை இருக்கு. எங்கடை கூட்டக் குறிப்பு தமிழிலை. அதாலை இதைப் பதியத் தேவையில்லை" என்றார். "தம்பி திருத்தி எடுத்துக் கொண்டுவந்திட்டார். அவரே சுடட்டும். அடுத்த விடயம், மதியச் சாப்பாடு."

என்னை நிறுத்தினால் தன்னையும் விசாரிக்க வேண்டி வரும் என்று அவருக்குத் தெரியும். உண்மை சொன்னதற்காக எனக்குப் பதவி கிடைத்தது என்று நீங்கள் நினைக்க வேண்டாம். நான் உண்மையைச் சொன்னேன், அது வேறு. பதவி தீர்த்தத்தால் கிடைத்தது.

போட்டியன்று பூங்காவில் உபதலைவர் ஸ்பீக்கரோடு என் பக்கத்தில் தயாராக நின்றார். சிறுமியருக்கான நூறு மீற்றர். நான் கையை உயர்த்தினேன். பூங்கா அமைதியானது. விரலை அழுத்தினேன்.

வெடித்தது. கூடாரத்துக்குள் இருந்த பெரியவர்கள் வழமை போலக் குனிந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, நிமிர்ந்தார்கள். பிள்ளைகள் பாதித் தூரம் ஓடிவிட்டார்கள். புகை கலையும்போது மெல்லிய சந்தன வாசம் வந்தது. எவ்வளவு துடைத்தும் மானிடோபாக்காரர்களால் முழுவதையும் எடுக்க முடியவில்லைப் போலும்.

தலைவர் மூக்கை உறிஞ்சி மணந்து பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "ஆரோ பூசின பெர்ஃபியூம், பெர்ஃபியூம்" என்று சொல்லிக்கொண்டு சாப்பாட்டு மேசைப் பக்கம் நடந்தார்.