திருக்கேத்தில் ஒழுங்கை

கேத்தில் மூடி துள்ளுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும். கொதித்த தண்ணீர் கீழிருந்து முட்ட, மூடி இருந்த இடத்திலேயே நின்று டக டகவென்று ஆட, நான் எந்த ஊரில் எந்த வாடகை அறையில் இருந்தாலும் என் வயது ஒன்பதாகிவிடும். போன மாதம் கட்டைபறிச்சானில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அது கேட்டது. பஸ் வந்தது. ஆட்களை ஏற்றியது. போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்பக்கம், திருக்கேத்தில் ஒழுங்கையில் எங்கள் வீடு. அங்கிருந்து கடல் தெரியாது. கப்பலின் ஊதல் மட்டும் மதில்களுக்கு மேலால் ஏறி வந்து முற்றத்தில் குதிக்கும். பதினேழு வீடு, ஒரு பொதுக்கிணறு, மூலையில் நானாவின் பலசரக்குக் கடை. எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று யாருடைய படலைக்குள்ளாவது ஒதுங்க வேண்டிய அகலம்.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் மாமாவிடம் கதை இருந்தது. அம்மாவின் தம்பி, துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். இராவணன் தன் தாயின் காரியத்துக்காகக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை உண்டாக்கினான் என்பது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு நடந்தது மாமாவுக்கு மட்டும் தெரியும். களைத்துப்போன இராவணனுக்குத் தேத்தண்ணி குடிக்க வேண்டும் போல இருந்ததாம். ஒரு கேத்தில் வெந்நீரை எடுத்துக்கொண்டு கோணேசர் மலைப் பக்கம் நடந்தானாம். பத்து வாய்க்கு ஒரு கேத்தில் எப்படிக் காணும் என்ற யோசனையில் அதை எங்கள் ஒழுங்கையில் இறக்கி வைத்தவன் அப்படியே மறந்துவிட்டானாம். முன்னால் 'திரு' வந்தது அதனால்தான். "பிள்ளைக்கு விசர்க்கதை சொல்லாத" என்று அம்மா ஏசுவார். நான் நம்பினேன். கிணற்றடியில் குளிக்கும்போது காலில் ஏதாவது தட்டுப்பட்டால், கேத்திலின் மூக்காக இருக்குமென்று விரலால் கிண்டிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் மூத்தவர் பெரியம்மா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அவர்தான் அக்கா, கலியாணம் செய்யவில்லை. அவர் அந்த வீட்டுக்கு எப்படி வந்தார் என்று நான் யோசித்ததே இல்லை. கிணறு மாதிரி, மாமரம் மாதிரி, பெரியம்மாக்கள் வீட்டோடு சேர்ந்து இருப்பவர்கள். வயதில் கூடிய நானாகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒழுங்கைப் பிள்ளைகள் 'பூனைக்கண் பெரியம்மா' என்று பகிடி பண்ணும்போது, அடுப்புப் புகை பட்டுப் பட்டுக் கண் வெளிறிவிட்டது என்று நான் அவர்களுக்கு விளக்கம் கொடுப்பேன்.

பெரியம்மாவின் அலுமாரியை யாரும் தொடக்கூடாது. நான் தொட்டிருக்கிறேன். பூச்சி உருண்டை வாசம், மடித்த சேலைகள், அடித்தட்டில் விரித்த பேப்பருக்குக் கீழே ஒரு படம். கதிரையில் காது விரிந்த ஒரு வெள்ளைக்காரர், அவர் மடியில் ஒரு குழந்தை, பின்னால் சேலை கட்டிய ஒரு பெண். பிஸ்கட் பெட்டியில் வந்த படமாக்கும் என்று நினைத்து இருந்தபடியே வைத்தேன்.

பாடசாலை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம், ஒழுங்கை வாசலில் வாடகைக் கார் ஒன்று நின்றது. இறங்கிய வெள்ளைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பஞ்சுத் தலை, தட்டைச் சப்பாத்து, தோளில் பெரிய துணிப்பை. நேரே உள்ளே வராமல் பெயர்ப்பலகையின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். பலகையில் மூன்று மொழியிலும் திருக்கேத்தில்தான்; ஆங்கிலத்தில் இருந்ததுகூடத் தமிழைப் பார்த்து எழுதிய ஆங்கிலம். குடையின் நுனியால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, சுற்றி நின்ற எங்களை மறந்து, தனக்குத்தானே சிரித்தார்.

அவருடைய குடும்பப் பெயர் தேர்க்கெற்றில்.

அரை மணி நேரத்தில் அவர் எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்தார். சாரத்தோடு நின்ற மாமா உள்ளே ஓடிக் கந்தோர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பாதி ஒழுங்கை எங்கள் படலையில் தொங்கியது. அந்தத் துரைசாணி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மாமா தமிழில் சொன்னார்.

அது மிக அபூர்வமான பெயராம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நோர்போக், சஃபோக் என்று இரண்டு மாவட்டங்கள். அங்கே சில கிராமங்களைத் தாண்டினால் அந்தப் பெயரைக் காண்பது அரிதாம். தேவாலயப் பதிவேட்டில் எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதி, அது தர்க்கெற்றில் ஆகி, தேர்க்கெல் ஆகி, ஊருக்கு ஊர் தேய்ந்திருக்கிறதாம். துரைசாணியும் கலியாணம் செய்யவில்லை. நூலகத்தில் இருந்து ஊர் ஊராக டெலிபோன் புத்தகங்களை வாசித்து அந்தப் பெயரைத் தேடுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. பையிலிருந்து உலகப் படம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பெயர் அகப்பட்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. இங்கிலாந்தின் கிழக்கில் அம்மாள் வருத்தம் கண்டதுபோல நெருக்கமாக, லண்டனில் இரண்டு, அவுஸ்திரேலியாவில் ஒன்று, அங்கேயும் பெண்பிள்ளைகள்தானாம், கலியாணத்தோடு பெயர் போய்விடுமாம். இலங்கையின் கிழக்குத் தோளில் புள்ளி இல்லை. கேள்விக்குறி இருந்தது.

"இவவின்ர சித்தப்பா உலக யுத்தத்துக்கு முந்தி இஞ்ச டொக்யார்ட்டில வேலை செய்தவராம்" என்றார் மாமா. "எங்கட ஒழுங்கைக் கடைசி வீட்டில இருந்தவராம். இவவின்ர தகப்பனுக்குத் தம்பியோட கோவம். அவர்ர பேரையே வீட்டில சொல்லக்கூடாதாம். வந்த கடிதமெல்லாம் கிழிச்சுப் போட்டாராம். ஒண்டுதான் மிஞ்சினதாம்."

அந்தக் கடிதத்தைத் துரைசாணி வாசிக்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் சுகம். அவ்வளவுதான் அதில் முக்கியமான வரி. அதன் பிறகு சித்தப்பா காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது. மூன்று பேர் என்றால் மற்ற இருவர் யார்?

"ஒண்டு பிள்ளையாத்தான் இருக்குமாம்" என்று மாமா மெல்லச் சொன்னார். "அது எங்கயாவது உயிரோட இருந்தா, அதைவிட்டா இந்த உலகத்தில தனக்கெண்டு ஒருத்தரும் இல்லையாம்."

படலையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். என் மனம் மட்டும் வேறு பக்கம் ஓடியது. அந்தப் பெயர் உள்ள ஆளைக் கண்டால் இவர் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். ஓடிப்போய் என் கொப்பியை எடுத்துவந்து, அட்டையில் எழுதியிருந்த விலாசத்தைக் காட்டினேன். பள்ளிக்கூட ஆங்கிலத்தில், இங்கே எல்லாருமே தேர்க்கெற்றில்தான் மிஸ் என்றேன்.

ஒழுங்கை வெடித்துச் சிரித்தது. "தம்பி, எனக்கும் ஒரு புள்ளி போடச் சொல்லுங்க" என்றார் நானா. "கடைக்கும் சேத்து ரெண்டாப் போட்டா நல்லம்."

துரைசாணியும் சிரித்தார். பெயருக்கு இங்கே என்ன அர்த்தம் என்று கேட்டார். மாமா வெட்கத்தோடு இராவணன் கதையைச் சொன்னார். கேட்டு முடிந்ததும் துரைசாணி உலகப் படத்தில் இங்கிலாந்துக்கு மேலே இருந்த கடலில் விரலை வைத்தார். அவர் சொன்னதை மாமா இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"வடக்குக் கடலால அங்க வந்திறங்கின ஆக்கள் வைச்ச பேராம். அவையளுக்கு இடி இடிக்கிற சாமி ஒண்டு இருந்ததாம்." மாமா படலைப் பக்கம் திரும்பினார். "அந்தச் சாமியின்ர கேத்தில் எண்டதுதான் அர்த்தமாம்."

"அப்ப நாம சரியாத்தான் சொல்லிக்கிட்டு வந்திருக்கம்" என்றார் நானா.

துரைசாணி எங்கள் குடும்பப் பெயரைக் கேட்டார். அப்படி ஒன்று இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான், அதுவும் ஒரு தலைமுறையோடு சரி என்று மாமா சொன்னதும் அவர் திகைத்துப்போனார். அப்படியென்றால் யார் யாருடைய ஆள் என்று எப்படித் தெரியும்? கூப்பிடுகிற முறையில் தெரியும் என்றார் மாமா. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். "குடியுங்கோ, துரைசாணி அம்மா" என்று வைத்துவிட்டு உள்ளே போனார். அவரை எல்லாரும் அக்கா அக்கா என்கிறார்களே, அது அவருடைய குடும்பப் பெயரா என்று துரைசாணி கேட்க, படலை மறுபடி சிரித்தது. மூத்த சகோதரி என்று அர்த்தம், இவர் இந்த ஒழுங்கைக்கே அக்கா என்று மாமா விளக்கினார். துரைசாணி அதைத் தன் புத்தகத்தில் எழுதினார். எழுதிய கை நின்றது. அவர் யாரை அக்கா என்று கூப்பிடுவார்?

"ஒருத்தரையும் இல்லை" என்றார் மாமா. "அவதான் மூத்தவ."

துரைசாணி எழுந்து குசினிக்குள் போனார். அழைக்காத விருந்தாளி குசினிக்குள் போவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமா வாசலில் நின்றார். நான் மாமாவின் கைக்குக் கீழே நின்றேன். யன்னலிலும் நாலைந்து தலை முளைத்தது. துரைசாணி பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். தடித்த கோட்டுப் போட்ட ஒரு வாலிபன். பனிக்கால மரங்கள். விரிந்த காது.

பெரியம்மா கையைச் சேலையில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். பிறகு படத்தை வாங்கினார். அடுப்பில் அடுத்த கேத்தில் கொதித்து மூடி துள்ளத் தொடங்கியது, டக டக, டக டக, ஒருவரும் இறக்கவில்லை, தண்ணீர் பொங்கி விறகில் சீறியது, அப்போதும் இறக்கவில்லை.

"தெரியாது எண்டு சொல்லு, தம்பி."

"அக்கா…"

"தெரியாது எண்டு சொல்லு."

எனக்குத் தெரியும். அந்தக் காதுகளை எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் எங்கே கண்டாய் என்று அடுத்த கேள்வி வருமே. அலுமாரி, பூச்சி உருண்டை, பேப்பருக்குக் கீழே புகுந்த என் விரல்கள். வாயை மூடிக்கொண்டேன். ஒழுங்கை முழுவதும் யன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் தன்னைப் பெற்றவளைப் பற்றி என்ன சொல்ல ஏலும், எதைச் சொல்ல ஏலாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு அடி விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமா சொன்னார். துரைசாணி தலையாட்டினார். ஆனால் பார்வையைப் பெரியம்மாவின் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், துரைசாணியின் கண்ணும் பெரியம்மாவுடையது மாதிரியே வெளிறியிருந்தது. அவர் வீட்டிலும் விறகடுப்புப் போல என்று நினைத்தேன்.

துரைசாணி குசினியிலேயே நின்று இரண்டாவது தேத்தண்ணியையும் குடித்தார். நன்றி சொன்னார். நானா கடையிலிருந்து கொடுத்த ஒரு சரை கல்கண்டை வாங்கிக்கொண்டு, எல்லாரும் பின்னால் வர, காரை நோக்கி நடந்தார். கோப்பையை எடுக்கப் போன நான் சோசருக்குக் கீழே அந்தப் படத்தைக் கண்டேன். மறந்துபோட்டா என்று கத்திக்கொண்டு ஓடப் பார்த்தேன். பெரியம்மா என் கையிலிருந்து பறித்தார். அறைக்குள் போனார். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. வெளியே வந்தபோது கையில் பிறவுண் பேப்பரில் சுற்றிய ஒன்று இருந்தது. செருப்புக்கூடப் போடவில்லை. குசினி ஈரம் பட்ட சேலையோடு, சுடுமணலில், அவர் நடந்து நான் ஒருநாளும் கண்டிராத வேகத்தில் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நாலு நாள் கழித்து, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அலுமாரியைத் திறந்தேன். பேப்பருக்குக் கீழே கோட்டுப் போட்ட வாலிபன் பனியில் நின்றுகொண்டிருந்தான். கதிரையும் குழந்தையும் சேலை கட்டிய பெண்ணும் போய்விட்டார்கள். பெரியம்மா அவசரத்தில் படத்தை மாறிக் கொடுத்துவிட்டார்! எவ்வளவு பெரிய பிழை. சொல்லலாம் என்றால் அலுமாரியைத் திறந்தது வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்தக் கவலையை நான் வருடக்கணக்காகத் தூக்கித் திரிந்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கை வாசலில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. கார் உறுமிக்கொண்டு நின்றது. பெரியம்மா சனத்தை விலக்கிக்கொண்டு போய், கண்ணாடி இறக்கிய யன்னலுக்குள்ளால் பொதியைக் கொடுத்தார். துரைசாணி ஒரு மூலையை மட்டும் விரித்துப் பார்த்தார். உடனே மூடினார். மூடிய கையின் மேல் பெரியம்மாவின் கை இருந்தது. சுற்றி நின்றவர்களுக்கு அது கைகுலுக்கல். பெரியம்மா ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கக் குனிந்த மாமாவைத் துரைசாணி வேண்டாமென்று கைகாட்டி நிறுத்தினார். பெரியம்மா சொன்னதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? புறப்படுகிற யாருக்கும் சொல்வது. கடைசிச் சொல்லை மீன்காரிக்கும் சொல்வார்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் சொல்வார்கள். பெரியம்மாவின் வாயிலிருந்து அது வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்பதை நான் கவனிக்கவில்லை. காரின் பளபளத்த கதவில் என் முகம் அகன்று நீண்டு தெரிவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"போட்டு வாங்கோ, அக்கா."