விலை அதேதான்

“நீ நல்லாச் சிரிச்சுப் பேசுறம்மா, அதான் பிரச்சினையே. சிரிக்கிற முகத்தப் பாத்தா எவனும் வெலையக் குறைக்கச் சொல்லுவான். பொம்மசந்திரா பார்ட்டிய வேற ஆளுகிட்ட விட்டுடலாம்” என்றார் ஓசூரில் நான் விற்பனை பார்க்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் மேனேஜர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் செந்தூரா மாம்பழத்தின் வாசனை வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் மாமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, பழத்தைக் குவித்து விற்றார்கள். இருவருமே பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர்கள். அந்தப் பருவம் கையைக் கடித்தால் என்னை ஆறாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது என்ற பேச்சு வீட்டில் இருந்தது.

வாங்க வருகிறவர்களுக்கு ஒரு பழத்தை அறுத்து ருசி பார்க்கக் கொடுப்பது எங்கள் சாலையோர வழக்கம். அதற்குத் “துண்டு போடறது” என்று பெயர். அப்பா கார் நிற்கும் முன்பே “பன்னி அக்கா, பன்னி அண்ணா” என்று கன்னடத்தில் ‘வாங்க’ சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பழம் அறுத்து, கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவார். “உங்கப்பன் யாவாரம் பண்ணல, மொய் வைக்கிறான்” என்பாள் அம்மா. அவளோ, விலை கேட்டவர் இரண்டாம் முறை கேட்டாலே “வேணும்னா எடு, இல்லன்னா நடையக் கட்டு” என்கிற ரகம். அப்பாவுக்கு எட்டக்கூடாதென்று அறுக்கும் கத்தியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

மழை மூட்டமாக இருந்த ஒரு நாள், நனைந்தால் குவியல் முழுவதும் வீணாகிவிடும் என்ற கவலையில் இருந்தபோது, பெங்களூருக் காரிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி, பழங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

“அமுக்காதம்மா. உன் கன்னத்த இப்படி அமுக்குனா சும்மா இருப்பியா?” என்றாள் அம்மா.

அவர் கையிலிருந்த பழத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அப்பா பின்னாலேயே ஓடி, “கோவிச்சுக்காதீங்க அக்கா, பாதி வெலைக்கே எடுத்துக்கங்க” என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, அந்தப் பெண்மணி அமுக்கிய அதே பழத்தை, எப்படியும் இனி விற்காத பழத்தை, அறுத்து நீட்டினேன்.

“திந்து நோடி அக்கா, சாப்பிட்டுப் பாருங்க.”

சாப்பிட்டார். முழங்கை வரை சாறு வழிந்தது. பிறகு அவரே பாதி விலை கேட்டார்.

“இன்னொரு துண்டு சாப்பிடுங்க அக்கா. விலை அதேதான்.”

அப்பா வாயைத் திறக்கப் பார்க்க, அம்மா அவர் காலை மிதித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, நான் எத்தனாவது படிக்கிறேன் என்று கேட்டு, இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு போனார். பருவம் முடியும்வரை கத்தியும் விலையும் என் கையில்தான் இருந்தன. ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது அந்த இடத்தில் மேம்பாலம். காரை யாரும் நிறுத்துவதில்லை, நிறுத்தவும் இடமில்லை. அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறாள். அங்கேயும் அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. அப்பா ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறார். எல்லோரையும் “வாங்க, வாங்க” என்று உள்ளே விட்டுவிடுகிறார் என்று புகார்.

நேற்று மேனேஜர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, பெங்களூருப் பக்கம் இருக்கும் அந்த பொம்மசந்திரா பார்ட்டிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்தேன். எதிர்பார்த்தபடியே அவரும் விலையைக் குறைக்கச் சொன்னார்.

“சாம்பிளுக்கு இன்னும் நாலு பெட்டி கொண்டு வர்றேன் சார். மேல ஏறி நின்னே பாருங்க. விலை அதேதான்.”

மேனேஜர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “சரி, நாளைக்கு பன்னி” என்றது போன்.

மடித்த நாலு பெட்டிகளும் மடியில் இருக்கின்றன. பொம்மசந்திரா போகும் பேருந்து அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டது.