நான் மாற்றிப் படித்த பக்கம்

பதினைந்து வயதில் அழுது அழுது படித்த நாவலை இருபத்து நான்கு வயதில், மடியில் குழந்தையோடு, மறுபடி படிக்கலாமா? என்னைக் கேட்டால் இன்றைக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தேன். மூன்று பேருக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். அதில் ஒரு பக்கத்தை மாற்றிப் படித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தொப்பூர்க் கணவாய்க்கு இந்தப் பக்கம், தருமபுரிச் சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளிய ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். கணவர் தருமபுரியில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். மாமனார் இல்லை. நிலம், மாடு, வீடு எல்லாம் என் மாமியார் பொறுப்பு. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. வீட்டின் கடைசிப் பெண், என் நாத்தனார், அந்த வருஷம்தான் பதினோராம் வகுப்புத் தேறியிருந்தாள். சேலத்தில் விடுதியோடு இருந்த ஒரு ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பத்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அத்தை போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கணவர், "அம்மா சொல்றபடி" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கடலை விதைப்புக்கு மழையை எதிர்பார்த்திருந்த நேரம். விதைக்கடலையைக் கையால்தான் உரிக்க வேண்டும். மேல்தோல் போன பருப்பு முளைக்காது. தாழ்வாரத்தில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டித் தண்ணீர் தெளித்து, அத்தையும் நாத்தனாரும் எதிர் வீட்டு அக்காவும் பகலெல்லாம் உரித்தார்கள். எனக்குக் கட்டைவிரலில் நகச்சுற்று. விரலை எலுமிச்சம்பழத்தில் செருகிக்கொண்டு, எட்டு மாதப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் சும்மா இருப்பது கூச்சமாக இருந்தது. குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயம், வயிற்றுப்போக்கு வேறு. தூங்குகிறபோது மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அது எழுந்தாலும் பயம், எழாவிட்டாலும் பயம்.

"அண்ணி சும்மாதான இருக்கறாங்க. அந்தக் கதப் புஸ்தகத்தப் படிக்கச் சொல்லும்மா. நமக்கும் வெரல் வலி தெரியாது" என்றாள் நாத்தனார்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாக வந்த புத்தகம் அது. கல்யாணத்தின்போது புடவைகளோடு என் பெட்டியில் வந்துவிட்டது. ஒரு பெண் பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயதுவரை வளர்கிற கதை. படிக்கிற பழக்கமுள்ள வீடுகளில் அநேகமாக அந்த நாவல் இருக்கும். எங்கள் தமிழாசிரியை அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார். நாத்தனார் அதை இரண்டு தடவை படித்திருந்தாள். அம்மாவின் காதில் அது விழ வேண்டும் என்று ஏன் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கதையில் அந்தப் பெண் அடம்பிடித்து வெளியூர் விடுதிக்குப் போய்ப் படித்து நன்றாக வருகிறாள். என் நினைவிலும் கதை அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு காலத்தில் நானேதான் அவள் என்று நினைத்திருந்தேன். இப்போது அவள் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போனால், அதை யார் எடுத்துக் கழுவியிருப்பார்கள் என்று என் மனம் போயிற்று.

"இந்தப் புள்ள எப்பத்தான் சோறாக்கும்? எந்நேரமும் சன்னல்ல நின்னு மழையவே பாக்குது" என்றார் எதிர் வீட்டு அக்கா.

"சன்னல் வெச்ச வூடு. நிக்கறா" என்றார் அத்தை.

கதைப் பெண்ணுக்கு ஒரு அம்மா உண்டு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மூன்றாம் நாள் அந்த அம்மா முழுசாக எதிரே வந்து நின்றாள். மகளுக்குப் பரீட்சை நெருங்கும் சமயத்தில் அம்மாவுக்கு டைபாய்டு காய்ச்சல். மகளுக்குத் தகவல் எழுதச் சொல்லி எல்லாரும் வற்புறுத்துகிறார்கள். அவள் கூடாது என்கிறாள். பக்கத்து வீட்டாரைக் கொண்டு, இங்கே எல்லாரும் சுகம் என்று கார்டு போட வைக்கிறாள். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், தலைமுடி கொட்டிப்போன அம்மாவைப் பார்த்து மகளுக்கு விஷயம் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம்தான். பதினைந்து வயதில் அதைப் படிக்காமலே புரட்டியிருப்பேன்.

வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் நாலு வரி முன்னே போய்விட்டது. அத்தையின் கை மெதுவாவதைப் பார்த்தேன். இதைக் கேட்டால் பெண்ணை அனுப்பவே மாட்டார் என்று தோன்றியது. அதுதான் காரணம் என்று அன்றைக்கு நானே என்னை நம்ப வைத்துக்கொண்டேன். மடியில் குழந்தையின் உடம்பு சுட்டதும் ஒரு காரணம். என்னால் அந்த வரிகளைச் சொல்ல முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே, கார்டு போனது, மகள் அன்றைக்கே ரயிலேறி வந்தாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அம்மா பிழைத்துக்கொண்டாள் என்று படித்தேன்.

"பரீட்ச?" என்று கேட்டார் அத்தை.

"எழுதலைங்க அத்தை."

"ஆத்தாளவிடப் பரீட்சை பெருசுங்களா? நல்ல புள்ள" என்றார் எதிர் வீட்டு அக்கா.

"நல்ல புள்ளதான். பாதியில வந்து நிக்கறதுக்கு எதுக்குப் போவணும்? மொதல்லயே வூட்டோட இருந்திருக்கலாம்" என்றார் அத்தை.

நாத்தனார் தலை நிமிரவில்லை. அன்று சாயங்காலம் கிணற்றடியில் குடத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பக்கத்துல அப்படி இல்லீங்களே, அண்ணி."

"உங்கம்மா மனசு நோகும்னுதான்."

"எங்கம்மா மனசு உங்களுக்கு எப்படீங்க தெரியும்? நீங்க இந்த வூட்டுக்கு வந்து ரெண்டு வருசம்." குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "உங்களுக்குப் பயம்னா நீங்க பயந்துக்கங்க. அத எதுக்கு என் தலையில எறக்கி வெக்கறீங்க?"

மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்பிய மகனிடம் அத்தை சொல்லிவிட்டார்: "அது சேலத்துக்கெல்லாம் போவ வாணாம். இங்கயே இருக்கட்டும்."

நாத்தனார் அழவில்லை. உட்கார்ந்து கடலை உரித்தாள். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், எழுத்துத் தெரியாதவரை ஏமாற்றியவள் ஆவேன். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் படிப்பு என்னால் போகும். சொல்லிவிடலாம் என்று எழுந்துபோய், குழந்தைக்கு வெந்நீர் வேண்டும் என்று எதையோ சொல்லித் திரும்பி வந்தேன். பள்ளியில் சேர இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் எதிர் வீட்டு அக்கா வரவில்லை. அத்தை தனியாக உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அன்னைக்கு ஒரு எடத்துல மாத்திப் படிச்சிட்டேனுங்க."

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. "புஸ்தகத்துல இருக்கறதயா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். "பயமா இருந்துச்சுங்க" என்பது மட்டும்தான் வந்தது. உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ இரு. பாப்பா, இங்க வா. நீ படி."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற மாதிரி ஒரே குரலில் படித்தாள். முடிந்ததும் அத்தை, "திருப்பிப் படி" என்றார். அவள் திருப்பிப் படித்தாள்.

"முடி பூராவும் கொட்டிப்போச்சா?"

"ஆமாம்மா."

அத்தை முறத்தைத் தட்டிப் பருப்பை ஒரு பக்கம் ஒதுக்கினார். "நானா இருந்தாலும் காச்சல்னு அவளுக்கு எழுதச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். மகளைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு அண்ணனக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுலயே போ. தெரிஞ்ச ஆளு கெடைச்சான்னு லாரி கீரி ஏறாத. கணவாயில வாரத்துக்கு ஒண்ணு கவுருது."

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அது நல்ல நாவல்தான். நான் சின்ன வயதில் அதில் பாதியைத்தான் படித்திருந்தேன். மீதிப் பாதியைப் படிக்கிற வயது வந்தபோது அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. அந்த அம்மாவைப் புரிந்துகொள்ள எழுத்துக்கூடத் தேவைப்படவில்லை என்பதை அத்தையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் குழந்தை வளர்ந்து ஒருநாள் வெளியூர் போனால் நான் எப்படி இருப்பேன் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். நல்ல பதிலாக எதுவும் வரவில்லை.

நாத்தனார் போய் மூன்று வாரம் கழித்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. அதுவரை அந்த வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் நான்தான் பிரித்துப் படித்துச் சொல்வேன். அந்த வழக்கத்தில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினேன். அத்தை கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவன் வரட்டும்" என்றார். குரலில் கோபமில்லை.

அது மத்தியான நேரம். அன்றைக்கு பஸ் தாமதம். கணவர் செருப்பைக் கழற்றும் முன்னே அத்தை கடிதத்தை அவர் கையில் கொடுத்து, "ஒண்ணு வுடாமப் படி" என்றார். நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே விட்டுவிட்டு, சத்தம் கேட்கும் தூரத்தில் நின்றேன்.